போர் யானைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய போர் முறைகளைப் பற்றிப் பள்ளிகளிலும் ஊர் நூலகங்களிலும் பேசப் போவது என் வழக்கம். வில், வாள், கோட்டை, பீரங்கி என்று எதை எடுத்துப் பேசினாலும் கடைசியில் கேள்விகள் யானையில் வந்துதான் நிற்கும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். அவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

யானையைப் போருக்கு முதலில் பழக்கியவர்கள் யார்?

இந்தியர்கள். வட இந்திய அரசுகளில் தொடங்கிய பழக்கம் பாரசீகம் வழியாக மேற்கே போனது. கி.மு. 331-இல் காகமேலாவில் பாரசீகப் பேரரசன் தாராவின் படையில் 15 யானைகள் இருந்தன. கிரேக்கர்கள் போர் யானையை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். பிறகு அலெக்சாந்தரின் தளபதிகள் கற்றுக்கொண்டார்கள். எகிப்து, வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜ் என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிலும் பரவியது. கிழக்கே பர்மா, சயாம், கம்போடியா வரை போனது. எங்கே போனாலும் பாகனும் கூடவே போனான். கிரேக்க எழுத்தாளர்கள் பாகனை, அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், 'இந்தியன்' என்றே குறிப்பிட்டார்கள்.

போர்க்களத்தில் யானை உண்மையில் என்ன வேலை செய்தது?

மிதித்துக் கொன்றது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதுவும் நடந்தது. ஆனால் அதைவிடப் பெரிய வேலை, எதிரியின் குதிரைகளைக் கலைப்பது. யானையோடு பழகாத குதிரை அதன் வாடையையும் பிளிறலையும் தாங்காது. மேலே இருப்பவன் எவ்வளவு பெரிய வீரனானாலும் குதிரை திரும்பி ஓடினால் அவனும் கூடவே போக வேண்டியதுதான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு கி.மு. 301-இல் இன்றைய துருக்கியில் நடந்த இப்சஸ் போர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சந்திரகுப்த மௌரியரோடு அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான செலூக்கஸ் சமாதானம் செய்துகொண்டு, சிந்து நதிப் பக்கத்து நிலங்களை விட்டுக்கொடுத்து 500 யானைகளை வாங்கிப் போயிருந்தார். இப்சஸில் எதிரணி இளவரசன் தெமெத்ரியஸ் தன் குதிரைப்படையோடு ஒரு பக்கத்தை உடைத்து, ஓடியவர்களைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டான். திரும்பி வரும் வழியில் பார்த்தால் யானைகள் வரிசையாக நிற்கின்றன. குதிரைகள் நெருங்க மறுத்தன. அந்தப் பக்கம், எண்பது வயதைத் தாண்டிய அவனுடைய தந்தை அந்திகோனஸ் மகன் வந்துவிடுவான் என்று காத்திருந்தே ஈட்டிகளுக்கு இரையானார். அந்த யானைகளின் பெரிய சாதனை ஒருவரையும் மிதித்ததல்ல. வழியை மறித்து நின்றதுதான்.

இதைத் தவிர, கோட்டைக் கதவை முட்டி உடைப்பது, மேலே வில்லாளிகளை ஏற்றிக்கொள்வது, ஆற்றைக் கடக்க உதவுவது, பாரம் இழுப்பது எல்லாம் உண்டு. கோட்டைக் கதவைக் குத்திக் குத்திக் கொம்பு முனை மழுங்கிப்போன களிற்றைப் புறநானூறு காட்டுகிறது. அப்புறம் அரசனைச் சுமப்பது. அது தனிக் கதை, கீழே வருகிறது.

ஆயிரக்கணக்கான யானைகளோடு போருக்குப் போனார்கள் என்பதெல்லாம் உண்மையா?

எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். 13-ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்று சோழ நாட்டில் 60,000 போர் யானைகள் இருந்ததாகச் சொல்கிறது. நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்கு வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ தீனியாவது வேண்டும். 60,000 யானைக்கு ஒரு நாளைக்கு 9,000 டன்! இன்று இந்தியக் காடுகள் முழுவதிலும் இருக்கும் யானைகளே 30,000-க்கும் குறைவு.

சில நூறு யானைகள் என்பது நம்பத்தக்கது. ஒரு பேரரசு தன் எல்லை முழுவதும் சேர்த்துச் சில ஆயிரம் வைத்திருக்கலாம். அதுவே அந்தக் காலத்தில் மலைக்க வைக்கும் செல்வம். கங்கைக்கு அப்பால் நந்தர்களிடம் 6,000 யானைகள் இருக்கின்றன என்ற செய்தி அலெக்சாந்தரின் வீரர்களை எட்டியதாகக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். எண் சரியோ தவறோ, பியாஸ் நதிக்கரையில் அவர்கள் இனி ஓரடி எடுத்து வைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள்.

எப்படிப் பிடித்தார்கள், எப்படிப் பழக்கினார்கள்?

குழி வெட்டி மேலே தழை பரப்பிப் பிடிப்பது தெற்கில் பழைய முறை. பழகிய யானைகளை, இப்போது நாம் கும்கி என்கிறோமே அவற்றை, கூட்டிப் போய்க் காட்டு யானையை வளைப்பதும் உண்டு. அர்த்தசாஸ்திரம் இதற்கெல்லாம் விதி சொல்கிறது. கோடையில் பிடிக்க வேண்டும். 20 வயது யானை பிடிக்க ஏற்றது. 40 வயது யானை மிகச் சிறந்தது. குட்டி, நோயுற்றது, சினைப்பிடி, பால் கொடுக்கும் பிடி இவற்றைப் பிடிக்கக் கூடாது. யானைக் காட்டில் யானையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை.

கடைசி விதியைப் பலர் அகிம்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் காரணம் வேறு. யானை கொட்டிலில் எளிதாக இனம்பெருக்காது. சினைக்காலமே ஏறத்தாழ 22 மாதம். குட்டி போருக்கு ஆகும் வயது வரத் தீனி போட்டு யாருக்குக் கட்டும்? ஆகவே ஒவ்வொரு தலைமுறைப் போர் யானையும் காட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். காடு அழிந்தால் படை அழியும் என்று அரசர்களுக்குத் தெரிந்திருந்தது. குதிரைக்குப் புல்வெளி, யானைக்குக் காடு. இந்திய அரசுகள் காட்டைக் காத்ததற்குப் போர் ஒரு முக்கியக் காரணம் என்பது இன்று நினைத்தால் விந்தையாக இருக்கிறது.

யானைக்குப் போரில் பயம் இருக்காதா?

இருக்கும். நிறையவே இருக்கும். இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் குழந்தைகள்தாம் கேட்கிறார்கள்.

ஒரு யானை முகாமில் காலையில் குளிப்பாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல உயரமான களிறு, மரம் இழுத்துப் பழகியது. பாகன் அதை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காதின் பின்புறம் எவ்வளவு மெல்லியது என்று அன்றுதான் கவனித்தேன். நரம்புகள் வெற்றிலை நரம்பு மாதிரி தெரிந்தன. அப்போது தீவனக் கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு தகரம் கழன்று தரையில் விழுந்தது. அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் களிறு எழுந்து நின்றுவிட்டது. காதுகள் விரிந்து நின்றன. சங்கிலி விண்ணென்று இழுபட்டது. பாகன் ஓடவில்லை. காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். அது அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஒரு தகரத்துக்கே இப்படி. நூற்றுக்கணக்கான முரசு, கொம்பு, அம்பு, இரத்த வாடை, அடிபட்ட மற்ற யானைகளின் ஓலம் இத்தனைக்கும் நடுவே அதை முன்னே நடத்தினார்கள். போர்க்களத்தில் எனக்கு மிகவும் பிடித்த வீரன் யார் என்று கேட்டால், அந்தக் கழுத்தில் உட்கார்ந்து, கால் விரலால் காதுக்குப் பின்னே அழுத்தி வழி சொல்லிக்கொண்டிருந்த பாகனைத்தான் சொல்வேன். அவன் பெயரைக் கல்வெட்டுகள் எழுதவில்லை.

மது கொடுத்து அனுப்பினார்கள் என்பது உண்மையா?

ஆம். 7-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் புலிகேசியின் நாட்டுக்கு வந்த சீனப் பயணி சுவான்சாங், அங்கே போருக்கு முன் யானைகளுக்கு மது ஊட்டினார்கள் என்று எழுதியிருக்கிறார். மதம் என்பது வேறு. அது ஆண் யானைக்கு உடலில் ஏற்படும் மாற்றம். கன்னத்தில் நீர் வழியும், எவரையும் அண்ட விடாது. இலக்கியங்கள் மதக்களிற்றைக் கொண்டாடுகின்றன. களத்தில் அதைக் கட்டுப்படுத்துவது பாகனுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது வேறு கதை.

எதிரிகள் யானையை எப்படிச் சமாளித்தார்கள்?

முதல் முறை பார்த்தவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள். இரண்டாம் முறை யோசித்து வந்தார்கள். யானைப்போர் வரலாறு முழுக்க இப்படித்தான்.

கி.மு. 326-இல் ஜீலம் நதிக்கரையில் போரஸின் யானைகள் நின்ற கரைக்கு நேராக அலெக்சாந்தர் கடக்கவில்லை. தெப்பத்திலிருக்கும் குதிரைகள் யானையைக் கண்டால் தண்ணீரில் குதித்துவிடும் என்று தெரியும். மழை இரவில் மேலே வெகுதூரம் போய்க் கடந்தார். சண்டையில் அவருடைய எறிவேல் வீரர்கள் முதலில் குறி வைத்தது பாகர்களை. பாகன் விழுந்த யானைக்கு நண்பன் யார், பகைவன் யார் என்ற வேறுபாடு இல்லை. நெருக்கடியில் அது இரண்டு பக்கத்தையும் மிதித்தது. போரஸின் ஆட்களுக்கு ஒதுங்க இடமில்லாததால் அவர்களுக்குத்தான் சேதம் அதிகம்.

கி.மு. 202-இல் ஸாமாவில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் 80 யானைகளை முன்னால் நிறுத்தினார். எதிரே ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ தன் படைப்பிரிவுகளுக்கு நடுவே நேர் சந்துகளை விட்டு, அவற்றை இலகு வீரர்களால் மறைத்து வைத்தார். ஊதுகொம்புகள் ஒரே நேரத்தில் முழங்கின. மிரண்ட யானைகள் சில திரும்பி ஹன்னிபாலின் குதிரைப்படைக்குள்ளேயே புகுந்தன. வந்தவற்றுக்கு வழி விட்டார்கள். யானையும் மனிதனைப் போலத்தான், ஈட்டிச் சுவரை விடத் திறந்த வழியையே விரும்பும். இதைவிட அழகான தந்திரம் யானைப்போரில் இல்லை என்பது என் எண்ணம்.

மற்றவை அவ்வளவு அழகானவை அல்ல. கிரேக்க நகரமான மெகாராவில் பன்றிகள் மேல் கீல் பூசித் தீ வைத்து யானைகளை நோக்கி விரட்டினார்கள். 1398-இல் தில்லியில் தைமூர் ஒட்டகங்களின் முதுகில் வைக்கோல் கட்டிக் கொளுத்தி ஓட்டினார் என்று சொல்வார்கள். நெருஞ்சி முள் வடிவில் இரும்பு முட்களைத் தரையில் தூவுவதும் உண்டு. யானையின் உள்ளங்கால் மெத்தென்று இருக்கும். ஒரு முள் ஏறினால் நடக்காது. காதிசியாவில் பாரசீகரோடு மோதிய அரபுகள் யானையின் கண்ணையும் துதிக்கையையும் தாக்கி, அம்பாரி கட்டிய வாரை அறுத்தார்கள்.

கட்டு மீறிய யானையை என்ன செய்தார்கள்? ஹன்னிபாலின் தம்பி ஹஸ்துருபாலின் பாகர்களிடம் ஓர் உளியும் சுத்தியலும் இருந்தன. யானை தன் படையின் மேலேயே திரும்பினால் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் உளியை வைத்து அடித்துவிட வேண்டும். வளர்த்தவனே அடிக்க வேண்டும். கி.மு. 207-இல் மெதாரஸ் போரில் எதிரிகள் கொன்றதை விடப் பாகர்கள் கொன்ற யானைகளே அதிகம் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி.

ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையை யானைகளோடு கடந்தாரே, அவை என்ன ஆயின?

கி.மு. 218-இல் 37 யானைகளோடு கிளம்பினார். மலையைத் தாண்டி வந்து திரெபியா போரில் உதவவும் செய்தன. அந்தக் குளிர்காலம்தான் கொன்றது. அடுத்த ஆண்டு ஆர்னோ ஆற்றுச் சதுப்பைக் கடக்கும்போது ஒரே ஒரு யானைதான் மிச்சம். கண்நோயால் ஒரு கண் பார்வையை இழந்துகொண்டிருந்த ஹன்னிபால் அதன் மேல் உட்கார்ந்து கடந்தார்.

ஆப்பிரிக்க யானையைப் பழக்க முடியாதாமே?

முடியும். கார்த்தேஜும் எகிப்தும் பழக்கிக் காட்டினார்களே. கி.மு. 217-இல் ரஃபியாவில் 73 ஆப்பிரிக்க யானைகளும் 102 இந்திய யானைகளும் நேருக்கு நேர் மோதின. பெரும்பாலான ஆப்பிரிக்க யானைகள் பின்வாங்கின. ஆனாலும் போரில் வென்றது ஆப்பிரிக்க யானைகளை வைத்திருந்த எகிப்துதான்.

தோற்றுப்போகும் என்று தெரிந்தும் நம் அரசர்கள் ஏன் யானை மேலேயே உட்கார்ந்து போரிட்டார்கள்?

இதுதான் நான் அதிக நேரம் பதில் சொல்லும் கேள்வி. 'முட்டாள்தனம்' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

கம்பியில்லாத் தந்தி இல்லாத காலம். புழுதி எழும்பினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தன் அரசன் உயிரோடு இருக்கிறானா, ஓடிவிட்டானா என்பது காலாள் வீரனுக்கு எப்படித் தெரியும்? நிமிர்ந்து பார்த்தால் தெரிய வேண்டும். யானை மேல் இருக்கும் அரசன்தான் படையின் கொடி. அவனுக்கும் களம் முழுவதும் தெரியும். அந்த உயரத்தால் வென்ற போர்கள் ஏராளம். அந்த உயரமே ஆபத்தும் கூட.

இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது தக்கோலம். 949-இல் அங்கே சோழ இளவரசர் இராசாதித்தர் இராஷ்டிரகூடப் படையோடு மோதினார். யானை மேலேயே இறந்தார். கூரிய அம்புகள் நெஞ்சில் பாய்ந்தன என்கிறது சோழர் செப்பேடு. கங்க மன்னன் பூதுகன் அம்பாரியையே போர்க்களமாக்கி அவரைக் கொன்றான் என்கிறது எதிரியின் ஆதகூர்க் கல்வெட்டு. எப்படியானாலும் அந்த ஒரு சாவோடு சோழப் படை குலைந்தது. தொண்டை மண்டலம் கைவிட்டுப் போனது. 'ஆனைமேல் துஞ்சினார்' என்று அவருக்குப் பெயர் வந்தது. துஞ்சுதல் என்றால் உறங்குதல்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1054-இல் கொப்பத்தில் அதே காட்சி. சாளுக்கியரோடு நடந்த சண்டையில் முதலாம் இராசாதிராசர் யானை மேல் இறந்தார். படை உடையத் தொடங்கியது. இந்த முறை ஒரு வேறுபாடு. அவருடைய தம்பி இரண்டாம் இராசேந்திரர் தன் யானையை முன்னால் செலுத்தினார். அம்புகள் யானையின் நெற்றியிலும் அவர் தொடையிலும் தைத்தன. அவர் இறங்கவில்லை. ஓடத் தொடங்கியவர்கள் திரும்பிப் பார்த்தபோது மேலே ஓர் அரசன் இருந்தான்; திரும்பி வந்தார்கள், வென்றார்கள். களத்திலேயே அவருக்கு முடிசூட்டப்பட்டது. மணிமங்கலம் கல்வெட்டில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வடக்கிலும் இதேதான். 1556-இல் பானிபட்டில் அக்பரின் படையோடு மோதி வெற்றியின் விளிம்பில் இருந்த ஹேமுவின் கண்ணில் ஓர் அம்பு பாய்ந்தது, அம்பாரியில் சாய்ந்தார், படை கலைந்தது. 1658-இல் ஆக்ராவுக்கு அருகே தம்பி ஔரங்கசீப்போடு நடந்த சமுகர் போரில் முகலாய இளவரசர் தாரா ஷிகோவுக்கு அடிகூடப் படவில்லை. யானையிலிருந்து இறங்கிக் குதிரையில் ஏறினார், அவ்வளவுதான். காலி அம்பாரியைப் பார்த்த வீரர்கள் இளவரசர் போய்விட்டார் என்று ஓடினார்கள். ஔரங்கசீப் தன் யானையை விட்டு இறங்கவில்லை.

சரி, நம் பக்கத்துக்கே வருவோம். 1749-இல் ஆம்பூரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானை மேலிருந்து போரிட்டபோது குண்டடி பட்டு இறந்தார். இராசாதித்தருக்கு 800 ஆண்டுகள் கழித்தும் அதே உயரம், அதே முடிவு. அம்புக்குப் பதில் குண்டு.

துப்பாக்கியும் பீரங்கியும் வந்த பிறகு யானை என்ன ஆயிற்று?

1526-இல் முதல் பானிபட் போரில் இப்ராகிம் லோடியிடம் ஏறத்தாழ ஆயிரம் யானைகள் இருந்தன என்று பாபர் எழுதினார். பாபர் வண்டிகளைத் தோல் வாரால் பிணைத்து அரணாக்கி, அதன் பின்னால் பீரங்கியையும் துப்பாக்கி வீரர்களையும் வைத்தார். அரைநாளில் முடிந்துவிட்டது. பிறகு யானை மெல்லப் பின்னால் போனது. பீரங்கி இழுத்தது, மூட்டை சுமந்தது, அரசனைச் சுமந்தது.

ஆற்காடு முற்றுகை இதில் ஒரு சோகமான பக்கம். 1751 நவம்பரில் ராபர்ட் கிளைவ் உள்ளே அடைபட்டிருந்தார். வெளியே சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை உடைக்க அனுப்பினார். சங்க காலத்திலிருந்து செய்துவந்த அதே வேலை. மதிலிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. யானைகள் திரும்பி, தங்களை ஓட்டி வந்தவர்கள் மேலேயே ஓடின. பாலாற்றங்கரையில் டெல்லி கேட் இன்றும் நிற்கிறது. அங்கே நின்றால் எனக்குக் கிளைவின் நினைவு வருவதில்லை, அந்த யானைகளின் நினைவுதான்.

கோட்டைக் கதவுகளில் இரும்புக் கூர்முனைகள் இருப்பது யானைக்காகவா?

ஆம். யானை நெற்றியால் முட்டாமல் இருக்க. புனேயில் பேஷ்வாக்களின் கோட்டையான சனிவார் வாடாவின் தில்லி வாசலில் ஒவ்வொரு கதவிலும் 72 முனைகள் உண்டு. கதவில் அவை அடிக்கப்பட்டிருக்கும் உயரத்தைப் பார்த்தாலே புரியும்.

யானைக் கவசத்தை எங்கே பார்க்கலாம்?

இங்கிலாந்தில் லீட்ஸ் நகர ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில். சென்னை ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி இங்கிருந்து கொண்டுபோனது. இரும்புத் தகடுகளை வளையங்களால் கோத்தது. மீதி இருக்கும் பகுதியே 118 கிலோ, 5,840 தகடுகள். முழுதாக இருந்தபோது 159 கிலோ.

இருபதாம் நூற்றாண்டுப் போரிலும் யானை பயன்பட்டதா?

ஆம். சண்டையிட அல்ல, உழைக்க. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில். தேக்கு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஹோவர்ட் வில்லியம்ஸ் பிரிட்டிஷ் படைக்காக யானைப் பிரிவு ஒன்றை நடத்தினார். யானைகள் காட்டு ஆறுகளுக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டின. ஜப்பானியப் படையும் யானைகளைப் பிடித்து வேலை வாங்கியது.

1944-இல் ஜப்பானியர் நெருங்கி வந்தபோது நாற்பதுக்கும் மேற்பட்ட யானைகளோடும் அகதிப் பெண்களோடும் குழந்தைகளோடும் வில்லியம்ஸ் அசாம் நோக்கி மலையேறினார். ஓரிடத்தில் செங்குத்துப் பாறை. அதில் யானைக் கால் அளவுக்குப் படிகள் செதுக்கினார்கள். பந்தூலா என்ற களிறு முதலில் ஏறியது. ஒவ்வொரு காலாக வைத்து, சோதித்து, பிறகு உடம்பைத் தூக்கி. அதைப் பார்த்து மற்றவை பின்னால் வந்தன. போர் முடியும் தறுவாயில் பந்தூலாவைக் காட்டில் கண்டெடுத்தார்கள். யாரோ சுட்டிருந்தார்கள். ஒரு கொம்பு அறுக்கப்பட்டிருந்தது.